என்.எல்.சி. யாருக்குப் பதில் சொல்லும்?

(செஞ்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரிய சுரங்கக் கம்பெனிகள் மனித உரிமை விஷயத்தில் யாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது இன்றைய பேச்சு. செஞ்சியில் சுரங்கம் ஏது, கல் குவாரிதானே உண்டு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் 1993 செப்டம்பர் வரைக்கும் நாமும், என்.எல்.சி. சுரங்கம் இருக்கும் நெய்வேலியும் ஒரே ஜில்லா. தென்னார்க்காடு. பட்டாத் தகராறோ பள்ளிக்கூட மானியமோ, செஞ்சிக்காரரும் நெய்வேலிக்காரரும் கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில்தான் காத்திருந்தார்கள். ஜில்லாக் கோடு போடுவதற்கு வெகுகாலம் முன்பே மண் நம்மைச் சேர்த்து வைத்திருந்தது. நம் மலைகளில் பிறக்கிற சங்கராபரணி ஆறு திருவக்கரை வழியாகப் போகிறது. அங்கே மரங்கள் கல்லாகிக் கிடப்பதைக் காட்டப் பிள்ளைகளை வேனில் அழைத்துப் போகிறோம். கடலூர் மணற்கல் என்று புவியியலார் பெயர் வைத்திருக்கும் படிவு அது. அந்தப் படிவு தெற்கே நெய்வேலிப் பக்கம் போகும்போது, புதைந்த மரம் கல்லாவதற்குப் பதிலாகப் பழுப்பு நிலக்கரி ஆகிவிட்டது. அதை எரித்து வந்த மின்சாரத்தில் நம் ஊர்க் கிணற்று மோட்டார்கள் அறுபது வருடமாக ஓடியிருக்கின்றன. நெல்லும் மல்லாட்டையும் விளைந்திருக்கின்றன. ஆகையால் இது அடுத்த ஊர்க் கதை ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலையில், மராட்டியர் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுதியில் 12 கோட்டைகளுள் ஒன்றாக நம் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நமக்கெல்லாம் பெருமைதான். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கோட்டைக்கு ஒரு சட்டக் காவல் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் தோண்டவும் கூடாது, கட்டவும் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதுவும் செய்ய முடியும். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு இதனால் வருகிற தொல்லை தனி. ஆனாலும் தேசிங்கு ராஜாவின் மதிலுக்காக அரசாங்கம் டேப் பிடித்து மீட்டர் மீட்டராக அளந்து நிற்கிறது. ஆள் குடியிருக்கிற ஊரையே ஒரு கம்பெனிக்காக எடுக்கும்போது அதே அரசாங்கம் எந்தக் குரலில் பேசுகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அங்கே தொடங்கியது நெய்வேலிக் கதை. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், அதாவது என்.எல்.சி., என்ற கம்பெனி பதிவானது. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962இல் மின்சாரம் வந்தது. ரஷ்யர்கள் அனல்மின் நிலையம் கட்ட உதவினார்கள், ஜெர்மன் எந்திரங்கள் மண் வெட்டின. சுதந்திர இந்தியா தன் கையால் எழுப்பிய பெரிய காரியங்களில் அது ஒன்று. நானும் அதைப் பார்த்து வியந்தவன்தான். வரிசை வரிசையாக மரம் நட்ட டவுன்ஷிப், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தென்மாநிலங்கள் நான்குக்கும் மின்சாரம். என்.எல்.சி.யை இழுத்து மூட வேண்டும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அப்படிப் பேசி எழுந்து போவது சுலபம். மாசாமாசம் மின்கட்டணம் கட்டுகிறவன் அப்படிப் பேசினால் அதில் கொஞ்சம் பொய்யும் இருக்கும்.

நான் கேட்பது வேறு. நிலம் கொடுத்தவர்கள் இன்றும் சொல்கிற ஒரு வாசகம் உண்டு: 'வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னாங்க.' யார் சொன்னார்? தாசில்தாரா, கம்பெனி அதிகாரியா, மேடையில் பேசிய மந்திரியா? எந்தத் தேதியில்? எந்தக் காகிதத்தில்? தாத்தா காலத்தில் சொன்ன சொல்லைப் பேரன் இன்று கோரிக்கை மனுவில் எழுதும்போது, அப்படி ஓர் உறுதிமொழி எங்கள் கோப்பில் இல்லை என்று பதில் வருகிறது. மனித உரிமை என்றால் லாக்கப்பில் அடிப்பதும் துப்பாக்கிச் சூடும்தான் என்று நினைத்துப் பழகிவிட்டோம். கேட்கிறவன் எதிரில் பதில் சொல்ல வேண்டிய ஆள் இல்லாமல் போவதும் உரிமை மீறல்தான். லத்தி அடியாவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது.

2023 ஜூலை 26ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவி. என்.எல்.சி. சுரங்கத்துக்காகப் பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்பிவிட ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர் பாக்கி. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் பச்சை நெற்பயிர் நிற்கிறது. போலீஸ் காவலோடு பொக்லைன்கள் இறங்கின. பயிரோடு சேர்த்து மண்ணைப் புரட்டின. தமிழ்நாடு முழுக்க டி.வி.யில் பார்த்தது. இரண்டு நாள் கழித்துப் பாட்டாளி மக்கள் கட்சி நெய்வேலியில் நடத்திய முற்றுகைப் போராட்டம் கல்வீச்சில் முடிந்தது. போலீஸ் தண்ணீர் பீய்ச்சியது, வானத்தை நோக்கிச் சுட்டது. அரசியல் இரைச்சலைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு தரப்பும் சொன்னதை மட்டும் பாருங்கள்.

கம்பெனி சொன்னது: இந்த நிலமெல்லாம் எங்கள் பெயருக்கு வந்து பல வருடம் ஆகிறது, பணம் கொடுத்தாகிவிட்டது, பயிர் வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னோம். விவசாயி சொன்னது: எடுத்ததாகச் சொன்ன நிலத்தை இத்தனை வருடம் எங்களிடமே விட்டு வைத்தது நீங்கள்தான், கூடுதல் இழப்பீடு, வேலை என்ற பேச்சு இன்னும் முடியவில்லை, நட்டு வைத்த பயிர் அறுவடையாகும் வரை பொறுத்தால் குடிமுழுகிப் போகுமா? சட்டப்படி நிலம் கம்பெனியுடையது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணி, அந்தக் காட்சியைப் பார்த்துத் தமக்குக் கண்ணீர் வந்ததாகத் திறந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று அவரும் கேட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. நின்ற பயிரை அறுத்துக்கொள்ள அவகாசமும் கிடைத்தது. கம்பெனியின் அதிகாரி ஒருவருக்கும் தோன்றாத இரண்டு மாதப் பொறுமை ஒரு நீதிபதிக்குத் தோன்ற வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் வளையமாதேவி விவசாயி எத்தனை வாசல் ஏறியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனியிடம் போனால், நிலத்தை எடுத்துத் தந்தது வருவாய்த்துறை. வருவாய்த்துறையிடம் போனால், எடுத்தது கம்பெனிக்காக. மாநில மந்திரியைக் கேட்டால், அது மத்திய அரசு நிறுவனம். டெல்லியைக் கேட்டால், நிலம் மாநில விவகாரம். போலீஸைக் கேட்டால், மேலிடத்து உத்தரவு. நிலத்தை வாங்கும்போது இத்தனை பேரும் ஒரே ஆளாக வந்தார்கள். பதில் சொல்லும் நேரம் வந்ததும் ஐந்து ஆளாகப் பிரிந்து போனார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே 2023இல், மார்ச் மாதக் கடைசியில், மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு வைத்த பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு என்ற மூன்று பகுதிகள் இருந்தன. முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டமன்றம் கொதித்தது, சில நாட்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நல்ல காரியம். அப்புறம் மூன்றே மாதத்தில், அதே சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயலில் பழைய சுரங்கத்துக்காகப் பயிரை அழிக்க அதே மாநிலத்துப் போலீஸ் காவல் நின்றது. புதிய சுரங்கம் வந்தால் காவிரி டெல்டா போய்விடும் என்று பேசலாம். பழைய சுரங்கம் ஒவ்வொரு வருடமும் நாலு வயல் நகர்ந்தால் யாரும் கேட்பதில்லை.

இது எப்படிச் சாத்தியமாகிறது? இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் வறட்சியான சமாச்சாரம், பொறுத்துக்கொள்ளுங்கள். 2013இல் நாடாளுமன்றம் போட்ட நில எடுப்புச் சட்டம், தனியார் கம்பெனிக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும் என்கிறது. அரசும் தனியாரும் கூட்டு என்றால் 70 சதவீதம். அரசாங்கமே, அல்லது அதன் பொதுத்துறை நிறுவனமே எடுத்தால்? சம்மதமே தேவையில்லை. சமூகப் பாதிப்பு ஆய்வு மட்டும் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அதுவும் இல்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. 1997ஆம் வருடத்துத் தமிழ்நாடு தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம். என்.எல்.சி.க்கு நிலம் எடுக்கப் பயன்பட்டது இதுதான். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இதையும் கூடவே வேறு இரண்டு மாநிலச் சட்டங்களையும் செல்லாது என்றது. சில வாரங்களில் சட்டமன்றம் அவற்றுக்கு உயிர் கொடுத்து மறுபடி ஒரு சட்டம் போட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆக, டாட்டாவோ அதானியோ வந்து நிலம் கேட்டால் மத்தியச் சட்டம் ஊரைக் கேட்கச் சொல்கிறது. மக்கள் கம்பெனி என்று நாம் மார்தட்டுகிற நிறுவனம் கேட்டால் மக்களைக் கேட்க வேண்டியதில்லை.

நிலத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான். நெய்வேலியில் ஒரே கேட்டுக்குள் இரண்டு ஜாதி வேலைக்காரர்கள் போகிறார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, போனஸ் எல்லாம் உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளி பல வருடம் அதே கன்வேயரில் அதே கரியைச் சுமந்தாலும் காண்ட்ராக்டரின் ஆள், அல்லது இன்கோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஆள். அவரிடம் வேலை வாங்குவது என்.எல்.சி. அவருக்கு முதலாளி யார் என்று கேட்டால் வேறொரு பெயர்ப்பலகையைக் காட்டுகிறார்கள். நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் பலரும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். 2014 மார்ச் 17ஆம் தேதி சுரங்க வாசலில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியை மத்திய தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் சுட்டுக் கொன்றார். வேலைக்கு வந்த இடத்தில் சாவு. 2020இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தடவை கொதிகலன் விபத்து நடந்தது. மே 7ஆம் தேதி ஒன்று, ஜூலை 1ஆம் தேதி இன்னொன்று. ஜூலையில் அன்றைக்கே ஆறு பேர் செத்தார்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலமாக 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மே மாதம் வெடித்ததற்குப் பிறகு ஜூலை மாதம் ஏன் வெடித்தது என்ற கேள்விக்கு அந்த 5 கோடி பதில் ஆகாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஒரு பெரிய நீரோட்டம் இருக்கிறது. அது மேலே முட்டிக்கொண்டே இருக்கும். ராப்பகலாகப் பம்பு வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் வந்துவிடும். அதனால் 60 வருடமாக இறைக்கிறார்கள். இறைத்த தண்ணீர் வாய்க்காலில் போய் சில ஊர்களுக்குப் பாசனமாகிறது. அவர்களைக் கேட்டால் கம்பெனியை வாழ்த்துவார்கள். வேறு பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்டால், அப்பா காலத்தில் ஏற்றம் போட்டு இறைத்த இடத்தில் இன்று நூற்றுக்கணக்கான அடிக்கு போர் போட வேண்டியிருக்கிறது என்பார்கள். இரண்டும் நிஜம். 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற அமைப்பும் சேர்ந்து சுற்றுவட்டாரத் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதித்து, பாதரசம் அளவுக்கு மீறி இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். கம்பெனி மறுத்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது. அந்த ஆய்வு சரியா தப்பா என்று மேடையில் நின்று தீர்ப்புச் சொல்ல நான் விஞ்ஞானி அல்ல. 60 வருடம் சுரங்கம் நடத்துகிற நவரத்னா நிறுவனம், சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளை வருடா வருடம் சோதித்து, முடிவை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் ஒட்டியிருந்தால் இப்படி ஓர் ஆய்வுக்குத் தேவையே வந்திருக்காது என்று மட்டும் சொல்வேன்.

இப்போது கொஞ்சம் வெளியே போய் வருவோம். வேதாந்தா. தூத்துக்குடி என்றதும் உங்களுக்குப் புரியும். 2018 மே 22ஆம் தேதி வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க மறுத்துவிட்டது. அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதே கம்பெனியின் வேறு இரண்டு கதைகள் நெய்வேலிக்காரருக்கு இன்னும் அதிகம் உதவும்.

முதலாவது ஒடிசாவின் நியம்கிரி. மலைமேல் பாக்சைட். மலையே டோங்கிரியா கோந்து மக்களுக்குச் சாமி. வேதாந்தா அடிவாரத்தில் லாஞ்சிகரில் ஆலையை முதலில் கட்டிவிட்டது. மலை எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை! 2007இல் நார்வே அரசின் ஓய்வூதிய நிதி வேதாந்தாவில் போட்ட பணத்தை எடுத்துவிட்டது. 2010இல் இங்கிலாந்துத் திருச்சபையும் தன் பங்குகளை விற்றது. அதே வருடம் ஆகஸ்டில் ஜெய்ராம் ரமேஷின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. 2013 ஏப்ரல் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மலை மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராமசபைகளே முடிவு செய்யட்டும் என்றது. மாவட்ட நீதிபதி முன்னிலையில் 12 குக்கிராமங்களில் கூட்டம். ஜூலையில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. 12 ஊரும் வேண்டாம் என்றன. வன உரிமைச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. வளையமாதேவிக்காரர் கையில் அப்படி ஒன்று இல்லை. நியம்கிரிக்காரரிடம் கேட்ட அந்த ஒரு கேள்விகூடப் பட்டா நிலத்துக் குடியானவரிடம் கேட்கப்படவில்லை.

இரண்டாவது ஆப்பிரிக்காவின் ஜாம்பியா. அங்கே சிங்கோலா என்ற ஊருக்குப் பக்கத்தில் தாமிரச் சுரங்கம். நடத்துவது கொங்கோலா காப்பர் மைன்ஸ். அதன் பெரும்பங்கு லண்டன் வேதாந்தாவிடம். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து குடிக்கவும் முடியவில்லை, பாய்ச்சவும் முடியவில்லை என்று கிராமத்து மக்கள் 1,826 பேர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். வேதாந்தா சொன்னது என்ன தெரியுமா? சுரங்கம் நடத்துவது அந்த ஜாம்பியா கம்பெனி, நாங்கள் பங்கு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். வழக்கை அங்கேயே நடத்துங்கள். நெய்வேலியில் காண்ட்ராக்டரைக் காட்டுகிற அதே விரல்.

2019 ஏப்ரல் 10ஆம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. எதை வைத்து? வேதாந்தாவே அச்சடித்து வெளியிட்ட அறிக்கைகளை வைத்து. எங்கள் குழுமத்தின் சுரங்கங்கள் எல்லாவற்றிலும் சுற்றுச்சூழல் தரத்தை நாங்களே வகுக்கிறோம், நாங்களே பயிற்சி கொடுக்கிறோம், நாங்களே கண்காணிக்கிறோம் என்று முதலீட்டாளர்கள் மனம் குளிர வழவழத் தாளில் போட்டிருந்தார்கள். அப்படியானால் பக்கத்து ஊர்க்காரருக்கும் உங்களுக்குக் கடமை இருக்கிறது என்று வாதாட இடம் உண்டு, லண்டனிலேயே வழக்கு நடக்கட்டும் என்றது நீதிமன்றம். குற்றம் நிரூபணமானதாக அது சொல்லவில்லை; வழக்கை எங்கே நடத்துவது என்பதை மட்டும் முடிவு செய்தது. ஆனால் கதவு திறந்தது. 2021 ஜனவரியில், பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமலே, வேதாந்தா 2,500க்கு மேற்பட்டவர்களோடு சமாதானம் செய்துகொண்டது.

விளம்பரத்துக்காக எழுதின வாக்கியம் கம்பெனியின் கழுத்தைச் சுற்றிய கதை இது. ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் 2011இல் ஏற்றுக்கொண்ட வணிக வழிகாட்டு நெறிகள், ஜான் ரகி தயாரித்தவை, அரசு காக்க வேண்டும், கம்பெனி மதிக்க வேண்டும், கெட்டது நடந்தால் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்கின்றன. அரசே கம்பெனிக்கு உரிமையாளராக இருந்தால் அரசின் பொறுப்பு இன்னும் கூடுகிறது என்றும் அதே நெறிகள் சொல்கின்றன. ஆனால் அவற்றை மீறினால் தண்டனை கிடையாது. சிங்கோலாக்காரருக்கு ஐ.நா. நெறிகளைவிட வேதாந்தாவின் சொந்த அறிக்கை பெரிய உதவியாக இருந்தது.

என்.எல்.சி.யும் அச்சடிக்கிறது. அதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம். 2022-23ஆம் நிதியாண்டிலிருந்து, பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் வணிகப் பொறுப்பு அறிக்கை ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. என்.எல்.சி.யும் அதில் உண்டு. அந்தப் படிவத்தில் மனித உரிமைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மறுகுடியமர்வு நடக்கும் திட்டங்கள் எவை, எத்தனை குடும்பம் பாதிக்கப்பட்டது, எத்தனை சதவீதத்துக்கு மறுவாழ்வு கொடுத்தாகிவிட்டது, எவ்வளவு பணம் போனது என்று கேட்கும் கட்டங்கள் இருக்கின்றன. ஊர் மக்கள் புகாரை எப்படி வாங்கித் தீர்க்கிறீர்கள் என்றும் கேட்கிறது. அந்தக் கட்டங்களில் கம்பெனி எழுதியதையும், சுரங்கப் பக்கத்து ஊர்களான கரிவெட்டி, கத்தாழை, மும்முடிசோழகன் கிராமசபைகளில் மக்கள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் கம்பெனிக்கு ஒரு கும்பிடு. பொருந்தாவிட்டால் செபிக்கு எழுதலாம், நீதிமன்றத்தில் ஆவணமாக வைக்கலாம்.

தனியார் கம்பெனிமேல் நமக்கு இல்லாத பிடி என்.எல்.சி. மேல் இருக்கிறது. அது அரசியல் சட்டத்தின் கண்ணில் அரசு. உயர் நீதிமன்றத்தில் நேரே ரிட் போடலாம். தகவல் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். மத்தியத் தணிக்கை அதிகாரி அதன் கணக்கைப் பார்க்கிறார், எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். 2024 மார்ச்சில் கொஞ்சம் பங்குகளை விற்ற பிறகும் கம்பெனியில் 72 சதவீதம் மத்திய அரசிடம் இருக்கிறது. அரசாங்கம் என்றால் நாம்தானே? இத்தனை பிடி இருந்தும் சிங்கோலாக்காரர் லண்டனில் வாங்கிய பதிலைக்கூட வளையமாதேவிக்காரர் சொந்த மாவட்டத்தில் வாங்க முடியவில்லை. காரணம் எனக்குத் தெரிந்த வரை ஒன்றுதான். லண்டனில் கம்பெனி வேறு, நீதி சொல்பவர் வேறு, சட்டம் போடுபவர் வேறு. இங்கே நிலத்தை எடுப்பவரும் லாபத்தை வாங்குபவரும் மேற்பார்வை பார்ப்பவரும் ஒரே வீட்டுக்காரர். அவரைக் குற்றம் சொல்வது தேசத்தைக் குற்றம் சொல்வது போலவும் ஆகிவிடுகிறது. 2013இல் பங்கு விற்பனைக்கு எதிராகக் கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் எழுந்தார்கள், தமிழக அரசு நிறுவனங்களே பங்கை வாங்கின. என்.எல்.சி. நம் சொத்து என்று அன்றைக்கு முழங்கியவர்கள், நம் சொத்து நம் ஊர்க்காரருக்கு என்ன செய்கிறது என்று அதே சத்தத்தில் கேட்டதாக ஞாபகம் இல்லை.

மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருப்பது தெரியுமா? 2015க்குப் பிறகு, பழைய குத்தகைச் சுரங்கங்கள் கட்டும் ராயல்டியின் மேல் 30 சதவீதம் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்று இந்தக் கணக்கில் சேர வேண்டும். கலெக்டர்தான் தலைவர். கடலூர் மாவட்டக் கணக்கில் வந்த பணம் எந்தெந்த ஊருக்கு எதற்காகப் போனது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். சுற்றுச்சுவரும் ஹைமாஸ் விளக்கும் போடுவது பிழையல்ல. கிணறு வற்றிய ஊருக்குத் தண்ணீர் போனதா என்பது முதலில் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். இதுவரை நெய்வேலிக்காரரைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் பேசினோம். என்.எல்.சி. இன்று நெய்வேலியில் மட்டும் இல்லை. ஒடிசாவில் சம்பல்பூர், ஜார்சுகுடா மாவட்டங்களில் தலபிரா என்ற இடத்தில் அதற்கு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. தோண்டித் தருவது அதானி குழும நிறுவனம். 2019 டிசம்பரில் அங்கே ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. தலபிரா, பத்ரபாலி ஊர்க்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு அரிசி என்று காவல்காரருக்குக் கொடுத்துப் பல வருடமாகப் பார்த்துவந்த காடு அது. எங்கள் கிராமசபை சம்மதம் கொடுக்கவே இல்லை, கொடுத்ததாகக் காட்டும் தீர்மானம் போலி என்று அவர்கள் குற்றம் சாட்டினார்கள். அந்தக் கரி தூத்துக்குடியில் தமிழ்நாடு மின்வாரியத்தோடு கூட்டாக என்.எல்.சி. நடத்தும் அனல்மின் நிலையத்துக்கு வருகிறது. தலபிராவில் கட்டிவரும் மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வாங்கவும் தமிழ்நாடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நியம்கிரியில் வேதாந்தா செய்யப் பார்த்தது அநியாயம் என்றால், அதே ஒடிசாவில் நம் கம்பெனி என்ன செய்தது என்று நாமும் கேட்க வேண்டாமா?

கேட்பதற்கு ஒடியா தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கிராமசபைத் தீர்மானத்தின் நகலையும், வளையமாதேவியில் பயிர் வைக்க வேண்டாம் என்று சொன்ன கடிதத்தின் நகலையும், மே மாத விபத்துக்குப் பிறகு கொதிகலனைப் பரிசோதித்த அறிக்கையையும் செஞ்சியில் இருந்தபடியே கேட்கலாம். தமிழில் எழுதத் தயக்கமாக இருந்தால் ஆங்கிலத்தில் எழுதித்தர இங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பொதுத் தகவல் அலுவலர், என்.எல்.சி. இந்தியா லிமிடெட், நெய்வேலி என்று விலாசம் போட்டு, பத்து ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் இணைத்தால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை.